என்புக்குச் சாந்து கண்ட சேர் ஜோன் சார்ண்லி

மலையும் கடலும் சூழ்ந்த நம் திருகோணமலையில் ஏற்றமும் இறக்கமும் இல்லாத வழி அரிது. உவர்மலை என நாம் வழங்கும் ஓர்ஸ் ஹில்லின் சரிவிற் கைத்தடியூன்றிப் பத்தடிக்கொருகால் நின்று ஏறும் முதியோரைக் காணாதார் நம்முள் இலர். அவருட் பலரைத் தளரச் செய்வது மூச்சன்று. தேய்ந்துபோன இடுப்பு மூட்டேயாம். ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் அத்தகையோர்க்கு மருத்துவம் நல்கக்கூடிய ஆறுதல் மிகச் சிறிதாகவே இருந்தது. வலியைப் பொறுத்திருத்தல் ஒன்று. மூட்டை அசையாவண்ணம் இறுகச் செய்து, வளையாத காலோடு வாழ்தல் மற்றொன்று. இடையிடையே செய்துபார்க்கப்பட்ட செயற்கை மூட்டுகளிற் பல சில ஆண்டுகளிலேயே தளர்ந்து போயின. இன்றோ, தேய்ந்த மூட்டை அகற்றிப் புதியதொன்றை நாட்டி, மறுநாளே நோயாளியை எழுந்து நிற்கச் செய்தல் உலகின் பெரிய வைத்தியசாலைகள் பலவற்றிலும் வழக்கமாயிற்று. இம்மாற்றத்துக்கு முதற்காரணராய் நின்றவர் காலஞ்சென்ற சேர் ஜோன் சார்ண்லி. விஞ்ஞானம் பயிலும் மாணவர்க்கும், அவரைப் பயிற்றும் ஆசிரியர்க்கும், வயது முதிர்ந்துவரும் பழைய மாணவர்க்கும் அவருடைய வரலாறு ஒருங்கே பயன்படும் எனக் கருதி, அதனை இம்மலரிற் சுருங்கக் கூறுகின்றோம்.

சார்ண்லி 1911ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 29ஆம் நாள், இங்கிலாந்தின் லங்காஷயர்ப் பகுதியிலுள்ள பரி என்னும் ஆலை நகரிற் பிறந்தார். தந்தையார் மருந்துக்கடை நடத்தியவர். தாயார் தாதித் தொழில் பயின்றவர். ஊர்ப் பள்ளியிற் கற்றுத் தேறியபின், 1929இல் மான்செஸ்ரர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலப் புகுந்தார். 1935இல் மருத்துவப் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டிலேயே, தமது இருபத்தைந்தாம் வயதில், இங்கிலாந்து அரச சத்திரவைத்தியர் கல்லூரியின் உறுப்பினராயினார். நூலறிவு நிரம்பிய இவ்விளைஞர்க்குக் கைத்தொழிலிலும் தீராத நாட்டம் இருந்தது. கடைசல் எந்திரத்தின் முன் நின்று உலோகத்தைத் தம் கையாலே கடைந்து கருவி செய்வதில் அவர் கொண்ட இன்பம் வாழ்நாள் முழுதும் குன்றவில்லை.

இரண்டாம் உலகப் போர் மூண்டதும் 1940இல் இராணுவ மருத்துவப் படையிற் சேர்ந்தார். டன்கேர்க் கரையிலிருந்து படைகள் மீட்கப்பட்ட நெருக்கடியிற் பணியாற்றியபின், எகிப்துக்கு அனுப்பப்பட்டார். கைகால் முறிந்த வீரர் ஆயிரக்கணக்கில் வந்துசேர்ந்த அந்நாட்டில், படையின் தொழிற்கூடத்தாரோடு கூடி, அவர்க்கு வேண்டும் தாங்கிகளையும் சத்திரசிகிச்சைக் கருவிகளையும் ஆக்குவதில் ஈடுபட்டார். மருத்துவனும் பொறியியலாளனும் ஒரு மேசையில் இருந்து வேலைசெய்தல் வேண்டும் என்னும் கொள்கை அங்கே அவருள்ளத்தில் வேரூன்றியது எனலாம்.

போர் முடிந்து தாயகம் திரும்பிய சார்ண்லி, என்பு எவ்வாறு ஒட்டுகின்றது என்பதை ஆராயத் தொடங்கினார். வெட்டி எடுத்த என்புத் துண்டொன்றை உடம்பில் மீண்டும் வைத்தால் யாது நிகழும் என அறியவேண்டித் தமது காலென்பையே தோழரொருவரிடம் பரிசோதனைக்குக் கொடுத்தார். புண்ணிற் கிருமி தொற்றிச் சீழ்பிடித்து, அவர் மீண்டும் சத்திரசிகிச்சைக்கு உள்ளாக நேர்ந்தது. இச்செயலை மாணவர் பின்பற்றுக என யாம் கூறோம். ஆயினும், பிறருடம்பிற் செய்ய நினைப்பதைத் தம்முடம்பிற் செய்து பார்க்கத் துணிந்தவர் அவர் என்பதை இதனால் அறியலாம். 1947இல் மான்செஸ்ரர் அரச வைத்தியசாலையில் ஆலோசக சத்திரவைத்தியராய் அமர்ந்தார். முறிந்த என்புகளை வெட்டித் திறவாமலே பொருத்தும் முறைபற்றி அவர் எழுதி 1950இல் வெளியிட்ட நூல், பல நாடுகளிலும் வைத்திய மாணவர்க்குப் பாடநூலாயிற்று.

இனி, அவரை இடுப்பு மூட்டின்பால் ஈர்த்த நிகழ்ச்சியைக் கூறுவாம். அக்காலத்திற் பிரான்சு தேசத்துச் சகோதரர் இருவர் பிளாஸ்ரிக்கினால் ஆன பந்தொன்றைத் தொடையென்பின் தலைக்கு மாற்றாக வைத்து வந்தனர். அத்தகைய பந்து வைக்கப்பெற்ற ஒருவர் சார்ண்லியிடம் வந்தார். அவர் உணவு மேசையிற் குனியுந்தோறும் இடுப்பிலிருந்து கிறீச்சென்னும் ஒலி எழுந்தது. அதனைக் கேட்கப் பொறாது அவர் மனைவியாரும் அல்லலுற்றார். பிறர் நகைத்துவிட்டுப் போகக்கூடிய இச்சிறு செய்தி சார்ண்லியைச் சிந்திக்க வைத்தது. ஒலி எழுவதாயின் உராய்வு மிகுதி. உராய்வு மிகுதியாயின் நடக்கும் ஒவ்வோரடியும் செயற்கைத் தலையை முறுக்கித் தளர்த்தும் என அவர் உணர்ந்தார். உடனே விலங்குகளின் மூட்டுகளையும், சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்ட மனித மூட்டையும் எடுத்து உராய்வை அளந்தார். இயற்கை மூட்டின் கசியிழையங்கள் ஒன்றன்மீதொன்று வழுக்கும் எளிமை, பனிக்கட்டியின்மீது உருக்கு வழுக்கும் எளிமையினும் மேம்பட்டது எனக் கண்டார்.

ஆகவே அவர் இரண்டு முடிபுகளுக்கு வந்தார். மூட்டின் தலை சிறியதாயின் உராய்வினால் எழும் முறுக்கமும் சிறியதாகும் என்பது முதலாவது. அதனால் இயற்கைத் தலையின் பருமனிற் பாதியளவேயான, 22 மில்லிமீற்றர் விட்டமுடைய உருக்குத் தலையை நாளடைவில் அமைத்தார். அத்தலை சுழலும் கிண்ணம் வழுவழுப்பான பிளாஸ்ரிக்காதல் வேண்டும் என்பது இரண்டாவது. இதற்கென, இன்று ஒட்டாச் சமையற் சட்டிகளிற் பூசப்படும் தெப்லோன் என்னும் பொருளைத் தெரிந்தெடுத்தார்.

தலையும் கிண்ணமும் கிடைத்தன. அவற்றை உயிருள்ள என்பிற் பதிப்பது எங்ஙனம்? திருகாணிகள் நாளடைவிற் கழன்றன. வெறுமனே செருகிய தண்டுகள் ஆடின. 1890ஆம் ஆண்டளவிலேயே ஜெர்மனியில் குளூக் என்பார் தந்தத்தாற் செய்த மூட்டுகளைப் பாரிசுச் சாந்தும் குங்கிலியமும் கொண்டு பதிக்க முயன்று, கிருமித் தொற்றினால் தோல்வியுற்றிருந்தார். அதன்பின்னும் பிளாஸ்ரிக் சாந்தை ஓரிருவர் கையாண்டு பார்த்ததுண்டு. சார்ண்லி இதுபற்றி மான்செஸ்ரரிற் பல்வைத்தியப் பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்த டெனிஸ் சிமித் என்னும் இரசாயனரை வினவினார். சிமித் எடுத்துக்காட்டியது, செயற்கைப் பல்வரிசை செய்தற்குப் பல்வைத்தியர் நாள்தோறும் கையாளும் அக்கிரிலிக்குப் பொருளாகும்.

இப்பொருள் நம்மூர்க்கும் முற்றும் அந்நியமானதன்று. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, உட்துறைமுகத்தின் மறுகரையிலுள்ள சீனன்குடாவிலிருந்து எதிர்த்தெழுந்த ஹரிக்கேன் விமானங்களின் விமானியர் கூண்டுகள் பேர்ஸ்பெக்ஸ் என்னும் கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக்கினால் ஆனவை. அதுவும் செயற்கைப் பல்வரிசையும் ஒரே குலத்தன. போரில் அக்கூண்டுகள் உடைந்து விமானியரின் கண்களிற் புகுந்த சில்லுகள், கண்ணைச் சிவக்கச் செய்யாமற் கிடந்ததைக் கண்ட ரிட்லி என்னும் ஆங்கிலக் கண்வைத்தியர், 1949இல் அப்பொருளாலேயே கண்வில்லை செய்து வைத்தார். உடம்பு இப்பொருளைப் பொறுத்துக்கொள்ளும் என்பதற்கு அது நல்ல சான்றாயிற்று.

1958ஆம் ஆண்டளவிற் சார்ண்லி இதனைக் கையாளத் தொடங்கினார். முறை இதுவாகும். பல்பகுதியத் தூளையும் ஒருபகுதியத் திரவத்தையும் சத்திரசிகிச்சைக்கூடத்திலேயே கலக்க, முதலிற் கூழாகிப் பின் பிசைந்த மாவின் பதத்தை அடையும். அம்மாவைத் தொடையென்பின் மச்சைக் குழலுள் விரலால் அழுத்தி நிரப்பி, உருக்குத் தண்டைச் செருகிப் பிடித்திருந்தால், பத்து நிமிடங்களளவில் அது கல்லென இறுகும். இறுகும்போது வெப்பத்தையும் வெளியிடும்.

இங்கே சார்ண்லியின் நுண்ணறிவு விளங்குகின்றது. ஏனையோர் பலரும் என்பை உலோகத்தோடு ஒட்டவைக்கும் பசையொன்றையே தேடினர். அவரோ, ஈரமும் கொழுப்பும் நிறைந்த என்பிற் பசை ஒருபோதும் ஒட்டாது எனத் தெளிந்தார். நம் மேசன்மார் கதவு நிலையைச் சுவரில் நிறுத்தும்போது மரத்தையும் கல்லையும் ஒட்டவைப்பதில்லை. இடைவெளி முழுவதையும் சாந்தினால் நிரப்புகின்றனர். சாந்து கல்லின் மேடுபள்ளங்களுட் புகுந்து இறுகி நிலையைக் கவ்விக்கொள்கின்றது. அவ்வாறே, என்பின் உட்புறத்திலுள்ள சல்லடை போன்ற பின்னலுட் சாந்து புகுந்து இறுகுமாயின், நோயாளியின் நிறை ஓரிடத்திற் குவியாது என்பின் நெடும்பரப்பிற் பரவும் என்பது அவர் கண்ட உண்மை. 1960இல் இதனை அவர் கட்டுரையாக வெளியிட்டார். பெயர் சீமெந்து என வழங்கினும், அது பசையன்று, நிரப்பு சாந்தே என்பதை அவர் இறுதிவரை வற்புறுத்தி வந்தார்.

காசநோயாளர்க்கெனக் கட்டப்பெற்ற றைற்றிங்ரன் வைத்தியசாலையில் 1961இல் இடுப்புச் சத்திரசிகிச்சை நிலையம் அமைந்தது. ஆண்டுக்கணக்கிற் படுக்கையிற் கிடந்தோர் வலியின்றி நடந்தனர். சார்ண்லியின் பெயர் பரவிற்று. அவ்வேளையிலேதான் அவர் வாழ்வின் பெருந்துயர் நேர்ந்தது.

சீமெந்து பழுதின்றி நின்றது. தெப்லோன் கிண்ணமோ தேய்ந்தது. மூன்று நான்கு ஆண்டுகளில் உருக்குத் தலை கிண்ணத்தைத் துளைத்துக்கொண்டு உட்புகுந்தது. தேய்ந்து உதிர்ந்த துகள்கள் சுற்றியுள்ள இழையத்தைக் கட்டிபோல வீங்கச் செய்து, என்பையும் அரித்தன. ஏறத்தாழ முந்நூறு நோயாளர் அக்கிண்ணத்தைத் தாங்கியிருந்தனர். நன்றி கூறிச் சென்றவர்கள் வலியோடு திரும்பி வரக் காண்பதினும் கொடியது மருத்துவனுக்கு வேறில்லை. அத்துயரத்திற் சார்ண்லி தம்மை மறைத்துக்கொள்ளவில்லை. வேறொருவரிடம் அனுப்பாது, பலரைத் தாமே மீண்டும் திறந்து கிண்ணங்களை அகற்றினார். பொருளின் தீமையை ஐயமற அறியவேண்டித் தெப்லோன் துகள்களைத் தமது தொடையிலேயே ஊசியாற் செலுத்திக்கொண்டார். மாதங்கள் சென்றபின்னும் அவை தொட்டால் உணரத்தக்க கட்டிகளாய் நின்றன. அச்செய்தியை 1963இல் லான்செட் இதழில் யாவரும் அறிய வெளியிட்டார்.

இடரினின்றும் அவரை மீட்டவர் பேராசிரியரல்லர்; அவருடைய தொழிற்கூடத்தில் வேலைசெய்த ஹரி கிறேவன் என்னும் கைவினைஞர். 1962இல் வணிகரொருவர், லங்காஷயர் நெசவுத் தறிகளின் பற்சில்லுகட்குப் பயன்படும் கனத்த பொலித்தீன் துண்டொன்றைக் கொணர்ந்து காட்டினார். சார்ண்லி நகத்தாற் கீறிப் பார்த்து, இது மென்மையானது, பயன்படாது எனத் தள்ளிவிட்டார். அவர் வெளிநாடு சென்றிருந்தபோது, கிறேவன் அதனைத் தாமாகவே தேய்ப்பு எந்திரத்தில் ஏற்றி ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடிய பின்னும், தெப்லோன் ஒரு நாளிற் தேயும் அளவுகூட அது தேயவில்லை. திரும்பிவந்த சார்ண்லி அளவுகளைக் கண்டவுடன், தம் முதற் கருத்தைக் கைவிட்டார். புதுப் பொருளையும் தம் உடம்பில் வைத்துத் தீங்கின்மை கண்டபின்னரே அமைதியுற்றார். 1962 நவம்பரிற் பொலித்தீன் கிண்ணம் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைக்கப்பெற்றது. உருக்குத் தலை, பொலித்தீன் கிண்ணம், அக்கிரிலிக்குச் சீமெந்து ஆகிய அம்மூன்றன் கூட்டே இன்றளவும் இடுப்பு மூட்டுச் சத்திரசிகிச்சைக்கு அளவுகோலாய் விளங்குகின்றது.

ஒருமுறை சுட்டுக்கொண்டவராதலின், இம்முறை அவர் விரையவில்லை. தம்மிடம் வந்து பயிலாத வைத்தியர்க்கு இம்மூட்டை விற்கலாகாது எனச் செய்தோரிடம் உறுதி பெற்றுப் பல ஆண்டுகள் அதனைக் காத்தார். பல ஆண்டுகள் நோயாளரைத் தொடர்ந்து கண்காணித்து, 1972இலேயே நெடுங்கால விளைவுகளை விரிவாக வெளியிட்டார். தாம் இறந்தபின் மூட்டை ஆராய்ச்சிக்குத் திருப்பித் தருவதாக நோயாளரிடம் உடன்பாடு கேட்டார். பலர் மனமுவந்து இசைந்தனர். தொடக்கத்தில் நூற்றுக்கு ஏழுபேர்க்கு மேலாகப் புண்ணிற் கிருமி தொற்றியது. காற்றிலுள்ள கிருமியே காரணம் எனக் கருதிய அவர், வடிகட்டிய காற்று ஓயாது வீசும் கண்ணாடிக் கூடாரமொன்றைச் சத்திரசிகிச்சைக்கூடத்தினுள்ளே அமைத்தார்; வைத்தியர்களின் மூச்சுக் காற்றையும் உறிஞ்சி அகற்றும் உடையை வகுத்தார். தொற்று நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே குறைந்தது.

1974இல் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசும், 1975இல் அரச கழகத்தின் உறுப்புரிமையும், 1977இற் சேர் பட்டமும் அவரை வந்தடைந்தன. 1982ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள், எழுபத்தொன்றாம் பிறந்தநாளுக்குச் சில வாரங்கள் முன்னர், அவர் காலமானார்.

அவர் விட்டுச்சென்ற சாந்தின் வரலாறு அவரோடு முடியவில்லை. அக்கிரிலிக்குச் சீமெந்திற் காற்றுக்குமிழிகள் சிக்கிக்கொள்வதுண்டு. அந்நுண்டுளைகளிலிருந்தே வெடிப்புகள் தொடங்குதலின், அவற்றை ஒழிக்கவேண்டிக் காற்றகற்றிய பாத்திரத்திற் கலக்கும் முறை பின்னர் வழக்கிற்கு வந்தது. 1984இற் பிரான்சு தேசத்தில் இச்சீமெந்தை நீர்க்கச் செய்து, தடித்த ஊசி வழியாக நோயுற்ற முள்ளென்பினுள் செலுத்தி, தழும்பு மிகாமலே முதுகுவலியைத் தணித்தனர். ஊசியாற் செலுத்தத்தக்க என்புச் சீமெந்துக்கு அதுவே பெருவழி திறந்தது.

எனினும் அக்கிரிலிக்குச் சாந்து என்றும் அந்நியப் பொருளே. என்பு அதனுள் வளராது. அதுவும் கரைந்து என்புக்கு இடங்கொடாது. எனவே அறிஞர், என்பின் கனிப்பொருளாகிய கல்சியம் பொசுபேற்றையே சாந்தாக்க முயன்றனர். 1980களில் அமெரிக்கப் பல்வைத்தியச் சங்கத்தின் ஆய்வுகூடத்திற் பிரவுண், சௌ என்னும் இருவர், இருவகைக் கல்சியம் பொசுபேற்றுத் தூள்களை நீருடன் குழைத்தால், உடம்பின் வெப்பநிலையிலேயே என்பின் கனிப்பொருளை ஒத்த கல்லாக இறுகக் கண்டனர். அது சுடுவதுமில்லை; நச்சு ஆவி எழுப்புவதுமில்லை.

ஆயினும் அதன் துளைகள் மிக நுண்ணியன. குருதிக் குழாயும் என்புக் கலங்களும் உட்புகுதற்கு ஏறத்தாழ 100 மைக்கிரோமீற்றரோ அதற்கு மேலோ அகன்ற, ஒன்றோடொன்று தொடர்புற்ற துளைகள் வேண்டும். புறாத்தீவைச் சூழ்ந்த முருகைக்கற்களைக் கண்டோர்க்கு அவ்வமைப்பு நன்கு விளங்கும். அந்த ஒற்றுமையைக் கண்டே 1974இல் அமெரிக்க அறிஞர் சிலர் முருகைக்கல்லின் சுண்ணாம்பை, துளையமைப்புக் கெடாமலே, என்புக் கனிப்பொருளாக மாற்றிக் காட்டினர். ஆனால் அது கல், ஊசியிற் புகாது. சாந்திலேயே துளைகளை ஆக்குதற்குப் பல வழிகள் வகுக்கப்பட்டன. நீரிற் கரையும் சீனி அல்லது உப்புப் பரல்களைக் கலந்தால், அவை கரைந்தபின் வெற்றிடம் எஞ்சும். அமிலமும் காபனேற்றும் கலந்தால், காபனீரொட்சைட்டுக் குமிழிகள் எழும். முட்டை வெண்கருவின் புரதத்தை நுரைக்க அடித்துக் கலந்தால், நுரையோடு சாந்து இறுகும். தமிழ்நாட்டிற் சுண்ணச் சாந்தில் முட்டை வெண்கருவைச் சேர்த்துச் சுவர் பூசிய பழங்கொத்தர் இதனைக் கேட்பின் வியந்திரார்.

இங்கேயும் ஓர் இடர்ப்பாடு உண்டு. துளை மிகுந்தால் வலிமை குன்றும். அக்கிரிலிக்குச் சீமெந்து 70 மெகாபஸ்கால் அழுத்தத்தையேனும் தாங்கவேண்டும் என்பது உலக நியமம். துளை மிக்க பொசுபேற்றுச் சாந்து அதிற் பத்திலொரு பங்கையும் தாங்காமற் போகலாம். ஊசியில் எளிதிற் செல்லவேண்டி நீரை மிகுத்தாலும் வலிமை குன்றும். நீரைக் குறைத்தால், அழுத்தும்போது நீர் முன்னே ஓடத் தூள் ஊசியை அடைக்கும். இதனாற் பசைத்தன்மையுள்ள பொருள்களைச் சேர்த்து, பிரியாமல் வழியும் சாந்தை ஆக்க வேண்டியதாயிற்று. நமக்கு அண்மையில் திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தாரும் முழுவதும் ஊசியாற் செலுத்தத்தக்க கல்சியம் பொசுபேற்றுச் சாந்தொன்றை ஆக்கி, 2003இல் அதன் ஆய்வை வெளியிட்டனர். நிறை தாங்காத குழிகளை நிரப்புதற்கே இத்தகைய சாந்து ஏற்றது. இடுப்பின் பாரத்தைத் தாங்கச் சார்ண்லியின் சாந்தே இன்றும் வேண்டப்படுகின்றது.

சார்ண்லி துளையைப் பழுதாகக் கண்டிருப்பார்; பின்வந்தோர் அதனையே பயனாக்கினர். ஒருவர் சாந்து தான் நின்று தாங்குவது; மற்றையோர் சாந்து தான் கரைந்து, புது என்புக்கு இடங்கொடுப்பது. இரண்டும் ஒரு சோதனைக்கு உட்பட்டவையே. ஆய்வுகூடத்தில் அழகாயிருப்பது போதாது. ஆண்டுகள் பல மனிதவுடம்பில் நின்று காட்டல் வேண்டும். அச்சோதனையைக் குறுக்க முயன்றபோது முந்நூறு பேர் துன்புற்றனர் என்பதைச் சார்ண்லி மறக்கவில்லை. பிறரும் மறவாதிருக்கவே அதனை எழுதி வைத்தார்.

நம் கல்லூரியின் ஆய்வுகூடத்திற் பௌதிகம் அளப்போரும், இரசாயனம் கலப்போரும், உயிரியல் வரைவோரும், தொழிற்பயிற்சிக் கூடத்தில் அரம் பிடிப்போரும் தத்தம் பாடத்தைத் தனித்தனி எனக் கருதுதல் இயல்பு. ஒரு கிறீச்சொலியைக் கேட்டுச் சிந்தித்த வைத்தியரும், பல்வரிசைப் பொருளை எடுத்துக்காட்டிய இரசாயனரும், தலைவர் தள்ளிய துண்டை எந்திரத்தில் ஏற்றிய கைவினைஞரும் கூடியே ஒரு மூட்டை ஆக்கினர். கண்டதைக் கண்டவாறு கூறும் நேர்மையும், தவறியதைத் தவறென ஏற்கும் துணிவும் அக்கூட்டத்துக்குச் சாந்தாய் அமைந்தன. அவ்வகைச் சாந்து நம் மாணவரிடத்தும் இறுகி நிலைபெறுக என வாழ்த்துகின்றோம்.